முள் ஏறுகிறது

பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிறேன் என்றால் இங்கே கவென்ட்ரியில் யாரும் அதன் வேகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ‘ஹீட் ஆகுதா?’ என்பதுதான் முதல் கேள்வி. பெட்ரோல் பங்கில் நிற்கும்போது அறுபதைத் தாண்டிய ஆண்கள் தாமாகவே பக்கத்தில் வந்து நிற்பார்கள். வண்டியை ஒரு சுற்று பார்ப்பார்கள். பிறகு துக்கம் விசாரிக்கும் குரலில் அதைக் கேட்பார்கள். அவர்களில் பாதிப் பேர் இளவயதில் இதே வண்டியை வைத்திருந்து, கல்யாணமானதும் விற்றவர்கள். விற்றதில் வருத்தம் இருக்கும், சூடான தண்ணீர் முகத்தில் தெறித்த நினைவும் இருக்கும்.

என்னுடையது 1978-இல் செய்த ஸ்பிட்ஃபயர் 1500. இரண்டே இருக்கை, மடக்கித் திறக்கும் துணிக்கூரை, 1493 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்பரேட்டர், 71 குதிரைசக்தி. இன்றைய சிறிய குடும்பக் கார்கூட இதை எளிதாக முந்திவிடும். ஆனால் இதில் உட்கார்ந்தால் தார்ச்சாலை நம் இடுப்புக்கு ஒரு சாண் கீழேதான் ஓடுகிறது. 50 மைலில் போனால் 90 மைலில் போவதுபோல இருக்கும். நிறத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் இன்கா மஞ்சள். கடைசி ஸ்பிட்ஃபயரும் இதே மஞ்சள்தான். 1980 ஆகஸ்டில் இங்கே கான்லி தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. அதை விற்கவேயில்லை, இப்போது கெய்டன் மோட்டார் மியூசியத்தில் நிற்கிறது. அந்த ஒரு வண்டி மட்டும் ஹீட் ஆவதில்லை.

இந்த வண்டியை நான் வாங்கியதற்குக் காரணம் இங்கிலாந்து அல்ல, பெருங்களத்தூர். சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டிலோ ரயிலிலோ போனவர்களுக்கு ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் தொழிற்சாலை நினைவிருக்கும். 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு செய்தார்கள். அது ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய அவதாரம். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜொவானி மிகெலோட்டி. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயரும் அவர் வரைந்ததுதான். எஞ்சின் உறவு இன்னும் நெருக்கம். 1953-இல் ஸ்டாண்டர்ட் எயிட் என்ற குட்டிக் காருக்காக 803 சிசியில் ஒரு எஞ்சின் போட்டார்கள். அதையே குடைந்து, நீட்டி, 948 ஆக்கி ஹெரால்டுக்கு வைத்தார்கள். பிறகு 1147, 1296, கடைசியில் 1493. எண்ணூறு சிசிக்கென்று தொடங்கிய இரும்புப் பெட்டியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை வாங்கினால் அது கொஞ்சம் முனகத்தான் செய்யும்.

அப்பா எழுபதுகளில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஹெரால்டு வாங்கினார். அதைப் பார்த்துக்கொண்டவர் தாம்பரத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் நடத்திய ஒரு மேஸ்திரி. பெருங்களத்தூரில் வேலை பார்த்து வெளியே வந்தவர். ஹெரால்டின் பானட்டை அவர் திறப்பதைப் பார்க்கத் தெருப் பையன்கள் கூடுவோம். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் சேர்த்து முழு மூக்கும் முன்னால் கவிழும். எஞ்சின் நடுத்தெருவில் திறந்த மேனியாக நிற்கும். மேஸ்திரி முன் டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு, பீடியை வாயின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, வேலையை ஆரம்பிப்பார். ஸ்பிட்ஃபயரின் பானட்டும் அப்படித்தான் திறக்கும். டயர்மேல் உட்காரும் பழக்கமும் எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

அந்த நாளில் கார் ஹீட் ஆவது செய்தியே அல்ல. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. கோடை விடுமுறையில் ஏறினால் பாதி வளைவுகளில் ஏதாவது ஒரு அம்பாசிடரோ ஃபியட்டோ வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதன் குடும்பம் பாறை நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பிரித்திருக்கும். எங்கள் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய் டின் நிறையத் தண்ணீர், ஒரு கோணி, இரண்டு பழைய வேட்டித் துண்டு கட்டாயம் இருக்கும். துண்டு எதற்கென்றால், பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருக்கிறது. அது சூடானால் உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், வண்டி திணறி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிக் கால்மணி நேரம் காத்திருந்தால் எதுவும் நடக்காததுபோலக் கிளம்பும்.

மேஸ்திரி அப்பாவுக்கு இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒன்று: “முள்ளு மேல போச்சுன்னா ஓரங்கட்டுங்க சார், ஆனா உடனே ஆஃப் பண்ணாதீங்க. கொதிக்காத வரைக்கும் லேசா ரேஸ் பண்ணிக்கிட்டே இருங்க.” எஞ்சினை நிறுத்தினால் வாட்டர் பம்பும் விசிறியும் நின்றுவிடும், சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு முழுவதும் ஓடாத தண்ணீரில் இறங்கும், முள் இன்னும் ஏறும். இரண்டாவது, மூடியைத் தொடக்கூடாது. அதற்கான காரணத்தை ஒன்பதாவது வளைவில் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் நின்ற டாக்ஸி டிரைவர் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைக் கால் சுற்றுதான் திருப்பினார். மூடி தென்னைமர உயரத்துக்குப் போயிற்று. பழுப்பு நிற வெந்நீர் ஒரு தூணாக எழுந்து, அவருடைய காக்கிச் சட்டையின் கைப்பகுதி முழுவதையும் நனைத்தது. எங்கள் கோணியை நனைத்துத்தான் அவர் கையில் போர்த்தினோம்.

அந்த மூடி வெறும் மூடியல்ல. அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் 1500-க்கு 13 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி. ஒவ்வொரு பவுண்டுக்கும் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் உயர்கிறது. ஆகவே 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் உள்ளே 120-ஐ நெருங்கித்தான் கொதிக்கும். 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைத் திடீரென எடுத்துவிட்டால் அது ஒரே நொடியில் நீராவியாக வெடிக்கிறது. ரப்பர் வாஷர் நைந்த பழைய மூடி இந்த அழுத்தத்தைப் பிடிக்காது. வண்டி காரணமே இல்லாமல் கொதிக்கும். ஹீட் ஆகும் காருக்கு முதலில் மாற்றவேண்டியது மிக மலிவான சாமானாகிய இந்த மூடியைத்தான். நான் பார்த்தவரை எல்லோரும் கடைசியில்தான் மாற்றுகிறார்கள்.

பிள்ளைகள் படிப்பு முடிந்து வீட்டைவிட்டுப் போன பிறகு இந்த மஞ்சள் வண்டியை வாங்கினேன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் அதன் சூட்டைத் தணிக்க ஏதாவது செய்திருந்தார்கள். எஞ்சினோடு பிறந்த விசிறியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு எலெக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டர்மேல் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தது. தெர்மோஸ்டாட்டைக் காணோம். முன்பக்கம் பம்பருக்குக் கீழே காற்றை இன்னும் அதிகமாக இழுக்கட்டும் என்று தகரத்தை வெட்டியிருந்தது. கூலன்ட்டுக்குப் பதில் துருநிறத் தண்ணீர். இவ்வளவு வைத்தியத்துக்குப் பிறகும், ஜூன் மாதத்து வெயிலில் கெனில்வொர்த் ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நகர்ந்தபோது முள் நடுவிலிருந்து கிளம்பி ‘ஹெச்’ எழுத்தைப் பார்த்துப் போனது. கூரை திறந்திருந்ததால் சூடான கூலன்ட்டின் அந்தத் தித்திப்பான நாற்றம் நேராக மூக்குக்கு வந்தது.

பழைய ஆங்கிலேயக் கார்களின் முள்ளை மட்டும் நம்பிப் பயப்படக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி உண்டு, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பாட்டரியின் ஏறி இறங்கும் மின்சாரத்தைச் சராசரியாக 10 வோல்ட்டாக்கி மீட்டர்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் எர்த் துருப்பிடித்துவிட்டால் முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போய்விடும். அப்போது ஹீட் மீட்டர் அதிகமாகக் காட்டும். அதே பெட்டியிலிருந்து மின்சாரம் வாங்கும் பெட்ரோல் மீட்டரும் அதிகமாகக் காட்டும். என் வண்டியில் பெட்ரோல் போடாமலே டாங்க் முக்கால்வாசி நிறைந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயமா அது? ஒரு திருகைக் கழற்றிச் சுரண்டி மாட்டியதும் இரண்டு முள்ளும் இறங்கின. பெட்ரோல் தீர்ந்திருந்தது தெரிந்தது. ஹீட் மட்டும், முன்பு காட்டிய அளவு இல்லாவிட்டாலும், இருக்கத்தான் செய்தது.

அதற்குப் பிறகு சின்ன இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். துப்பாக்கிபோலப் பிடித்து அழுத்தினால் எந்த இடத்தின் சூட்டையும் சொல்லும். தாம்பரம் மேஸ்திரிக்கு உள்ளங்கை போதும். நமக்கு அந்தக் கை இல்லை. ரேடியேட்டரைக் கட்டம் கட்டமாக அளந்தேன். ஒரு பக்கம் 80, நடுவில் 74, கீழ் மூலையில் நெஞ்சை உறுத்தும் 38. அந்த மூலையில் தண்ணீரே ஓடவில்லை என்று அர்த்தம். குழாய்கள் அடைத்துவிட்டன.

மேஸ்திரி இன்னும் இருக்கிறார். கொட்டகையை மகன் பார்த்துக்கொள்கிறான். இந்த வண்டி வந்த நாளிலிருந்து வாட்ஸப்பில் வீடியோ போட்டு அவரிடம் காட்டுவது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அங்கே இரவு ஒன்பது மணி, கையில் சப்பாத்தியோடு உட்கார்ந்திருப்பார். பானட்டைக் கவிழ்த்தவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை, “அட, நம்ம ஹெரால்டு!”

“அண்ணே, நின்னாலும் ஹீட் ஆகுது, மேட்டுல ஏறினாலும் ஹீட் ஆகுது.”

“ரெண்டும் வேற வேற சீக்கு தம்பி. நிக்கிறப்போ சூடானா காத்தப் பாருங்க. ஓடுறப்போ சூடானா தண்ணியப் பாருங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

ஹீட் ஆகும் காரைப் பற்றி நான் படித்த எல்லாக் கையேடுகளையும்விட அந்த நான்கு வரி எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. நிற்கும் வண்டிக்கு வரும் காற்று விசிறி இழுக்கும் காற்று மட்டும்தான். 50 மைலில் ஓடும் வண்டிக்கு விசிறியே தேவையில்லை. முகத்தில் மோதும் காற்றே தாராளம். அப்படி ஓடும்போதும் முள் ஏறினால் தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை, அல்லது எஞ்சின் செய்ய வேண்டியதைவிட அதிகமாகச் சூட்டை உண்டாக்குகிறது. எரியும் பெட்ரோலில் கால்வாசிதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போயாக வேண்டிய சூடு. அது போகும் வழியில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. அடைப்பை விட்டுவிட்டுப் பெரிய ரேடியேட்டர் வாங்குவது, சாக்கடை அடைத்த வீட்டில் இன்னொரு குழாய் போடுவதைப்போல.

“போனை அப்படியே ஒரு பக்கம் வெச்சிட்டு ரேஸ் பண்ணுங்க. கீழ் ஹோஸைக் காட்டுங்க” என்றார். மனைவியை ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கச் சொன்னேன். 3000 சுற்று வந்ததும் ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸ், யாரோ உள்ளிருந்து உறிஞ்சுவதுபோலப் பக்கவாட்டில் ஒட்டிச் சப்பையாயிற்று. காலை எடுத்ததும் பொத்தென்று பழையபடி உருண்டது. பம்பு இழுக்கிற பக்கம் அது. ரேடியேட்டர் அடைத்திருந்தால் பம்புக்குத் தண்ணீர் கிடைக்காது. வெற்றிடத்தில் இளகிப்போன ஹோஸ் மடங்கிக்கொள்ளும். எஞ்சினுக்கு அதிகத் தண்ணீர் வேண்டிய நேரத்தில், மேட்டில், சரியாக அப்போதே வழி மூடிக்கொள்கிறது. நிறுத்திவிட்டு பானட்டைத் திறந்து பார்த்தால் ஹோஸ் உருண்டையாக அப்பாவிபோல இருக்கும். ஓடவிட்டுப் பார்க்காமல் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு பிளாக்கில் இருக்கும் டிரெயின் டாப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே முழுத் தண்ணீர் இருக்கிறது. ஓட்டை வழியாக எதுவும் வரவில்லை. “கம்பி விடுங்க” என்றார். துணி மாட்டும் ஹேங்கரை நேராக்கி நுழைத்துக் கிளறினேன். முதலில் கட்டித் தயிர்போல எதுவோ பிதுங்கியது, அப்புறம் காபிப்பொடிபோல ஒரு சரிவு, கடைசியில் சிவப்புத் தண்ணீர். வார்ப்பில் ஒட்டியிருந்த மணல், துரு, சுண்ணாம்பு என எல்லாம் சேர்ந்து பிளாக்கின் பின்பக்கம் படிந்துவிடுகிறது. பம்பிலிருந்து தூரத்தில் இருக்கும் நான்காவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீரின் ஓட்டம் மெதுவானது; சேறு தங்குவது அங்கேதான். ரேடியேட்டரைப் புதிதாக்கி இந்தச் சேற்றை விட்டுவைத்தால், கிளம்பிய சேறு நேராகப் புது ரேடியேட்டரில் போய் அடைக்கும். ஹோஸ் பைப்பால் தண்ணீரைத் தலைகீழாக, வெளியேறும் வழியாக உள்ளே அனுப்பி, தெளிவாக வரும்வரை கழுவினேன். என் வீட்டு டிரைவ்வேயில் அந்தச் சிவப்புக் கறை இன்னும் இருக்கிறது.

ரேடியேட்டரை பர்மிங்காம் பக்கம் ஸ்மெத்விக்கில் ஒரு பஞ்சாபிப் பெரியவரின் கடைக்கு எடுத்துப் போனேன். அலுமினியம் ரேடியேட்டர் வாங்கிவிடு என்று எல்லோரும் சொன்ன காலம். அவர் மேல் டாங்கியைப் பற்றவைப்பு உருக்கிக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குழாய்களில் மூன்றில் ஒன்று கண்ணுக்கே தெரியாமல் அடைத்திருந்தது. பழைய பித்தளை டாங்கிகளை வைத்துக்கொண்டு நடுவில் புதிய செம்புக் கோர் போட்டுக்கொடுத்தார். செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும். எடை அதிகம், அவ்வளவுதான். பந்தயத்துக்குப் போகிறவனுக்கு அந்த எடை முக்கியம். நான் செவ்வாய்க்கிழமை மோர்ட்டன் சந்தைக்குப் போகிறவன்.

தண்ணீர் விஷயம் முடிந்தது. ஸ்பிரிங் வைத்த புதுக் கீழ் ஹோஸ், 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட், மூடி, பாதிக்குப் பாதி கூலன்ட். தெர்மோஸ்டாட்டைப் பற்றி இந்த ஊரில் இரண்டு கட்சி உண்டு. எடுத்துவிட்டால் குளுகுளுவென்று ஓடும் என்பது ஒரு கட்சி. எடுத்துவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, ரேடியேட்டரில் ஆற நேரமில்லாமல் போய்விடும் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது வாதத்தை நான் ஏற்பதில்லை. சுற்றிச் சுற்றி வரும் தண்ணீருக்கு அவசரமும் நிதானமும் ஒன்றுதான், வேகமாக ஓடினால் சூட்டை அதிகமாகவே எடுத்துப்போகும். முதல் கட்சியும் எனக்குப் பிடிக்காது. குளிர்நாட்டில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேற அரைமணி எடுக்கும். அதுவரை பெட்ரோல் அதிகம், ஆயிலில் ஈரம், சிலிண்டரில் தேய்மானம். அடைத்த ரேடியேட்டரின் குறையைத் தெர்மோஸ்டாட்டின் தலையில் கட்டுவது பழைய கதை.

கூலன்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீருக்கு நிகர் ஏதும் இல்லை. கிளைக்கால் கலக்கக் கலக்க அந்தத் திறன் குறையத்தான் செய்கிறது. ஆனாலும் உறையாமல் இருக்கவும் துருப்பிடிக்காமல் இருக்கவும் அது வேண்டும். தாம்பரத்தில் உறைபனி கிடையாது, ஆனால் உப்புத்தண்ணீர் உண்டு. கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் ஹெரால்டின் ரேடியேட்டர் இரண்டே வருஷத்தில் அடைத்துவிடும் என்று மேஸ்திரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பார். நான் இங்கே கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குகிறேன். புதுக் கூலன்ட் ஊற்றும்போது வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் ஹெட்டுக்குள் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டு, நாம் செய்த வேலையெல்லாம் வீண் என்று நம்ப வைக்கும். இதுவும் வீடியோவில் வந்த உத்தரவு.

இனிக் காற்று. இதில்தான் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். கான்லி தொழிற்சாலையில் 1980-இல் கார் தயாரிப்பு நிற்கும்வரை அங்கே வேலை செய்தவர். வேலி ஓரம் நின்று, தேநீர்க் கோப்பையோடு, பல வாரங்களாக என்னை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், “அட்டை எங்கே?” என்றார்.

“எந்த அட்டை?”

“ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் நாங்கள் வைத்த அட்டை.”

கறுப்புக் கெட்டி அட்டை. பார்த்தால் செருப்புப் பெட்டியில் வெட்டியதுபோல இருக்கும். ரேடியேட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தை மூடுவதற்காகக் கம்பெனியே வைத்தது. மழையில் ஊறி, கிழிந்து, யாரோ குப்பையில் போட்டிருக்கிறார்கள். அது போனால் என்ன ஆகும்? காற்று சுகவாசி. ரேடியேட்டரின் நெருக்கமான துடுப்புகளுக்குள் நுழைந்து கஷ்டப்படுவதைவிட, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகவே அதற்கு விருப்பம். அதைவிட மோசம், டிராஃபிக்கில் நிற்கும்போது எஞ்சினைத் தாண்டிய சூடான காற்றே அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து, மறுபடி ரேடியேட்டருக்குள் நுழையும். முன்னால் தகரத்தை வெட்டி ஓட்டையைப் பெரிதாக்கியவர் இந்தச் சந்தைத்தான் அகலமாக்கியிருந்தார்.

அட்டையைப் பக்கத்து வீட்டுக்காரரே அளந்து கொடுத்தார். நினைவிலிருந்துதான். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அவர் கைக்கு அளவு தெரிந்திருந்தது. வெட்டிய தகரத்தை டிங்கரிங் செய்பவரிடம் கொடுத்து மூடினேன். எலெக்ட்ரிக் ஃபேனை எடுத்துவிட்டுப் பழைய விசிறியைத் தேடிப்பிடித்து, அது இருக்கவேண்டிய இடமாகிய கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலேயே மாட்டினேன். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு நான் எதிரியில்லை. நல்ல உறையோடு, சரியான சுவிட்சோடு, பின்பக்கத்திலிருந்து இழுக்கும்படி வைத்தால் டிராஃபிக்கில் அதுவே மேல். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதோடு ஒட்டிய விசிறியும் மெதுவாகத்தானே சுற்றும். ஆனால் என் வண்டியில் இருந்தது கோரின்மேல் நேராக ஒட்டி, தன் மோட்டாரால் நடுப்பகுதியை மறைத்துக்கொண்டு, சுற்றாத நேரத்தில் வரும் காற்றையும் தடுத்துக்கொண்டிருந்தது.

கெனில்வொர்த் ரோட்டில் முள் பிறகு நடுவிலேயே நின்றது. மேட்டுச் சீக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பிராட்வே கிராமத்துக்கு மேலே ஏ44 சாலை ஃபிஷ் ஹில் என்ற குன்றில் வளைந்து வளைந்து ஏறுகிறது. அங்கே மூன்றாவது கியரில் ஏறும்போது முள் இன்னும் ஒரு கோடு நகர்ந்தது. தண்ணீரும் காற்றும் சரியாக இருக்கும்போது இப்படி நடந்தால் தீப்பொறியைப் பார்க்கவேண்டும். டைமிங் லைட் போட்டுப் பார்த்ததில் பின்தங்கியிருந்தது. பொறி தாமதமாக வந்தால் பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளவேண்டிய நேரத்தில் தள்ளாமல், வெளியே போகும் வழியிலும் எரிந்துகொண்டே போகும். அந்தச் சூடு எக்ஸாஸ்ட் வால்வு வழியாக ஹெட்டுக்கும், ஹெட்டிலிருந்து தண்ணீருக்கும் இறங்கும். பெட்ரோலும் ஒரு காரணம்: 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். எத்தனாலில் ஏற்கனவே ஆக்சிஜன் உண்டு. ஆகவே பழைய அளவில் வைத்த கார்பரேட்டரில் கலவை மெலிந்துவிடும், மெலிந்த கலவை சூடாக எரியும். எஸ்யூவின் அடியில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் திருப்பி ஜெட்டைச் சரிசெய்தேன். விலை கூடினாலும் ஐந்து சதவீத எத்தனால் இருக்கும் பெட்ரோல்தான் இப்போது போடுகிறேன். இந்த எஞ்சினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்று. நிறுத்தியதும் அடியிலிருந்து ஏறும் சூட்டில் கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோல் கொதிக்கும். கடைக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் கிளம்ப மறுக்கும். மேஸ்திரியின் ஈரத்துணி கவென்ட்ரியிலும் வேலை செய்கிறது. பெட்ரோல் பங்கில் நான் பம்புக்குத் துணி சுற்றுவதைப் பார்த்து ஒருவர் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

2022 ஜூலை 19-ஆம் தேதி லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் அந்த நாளுக்கு முன் 40-ஐத் தொட்டதே இல்லை. ரயில்கள் நின்றன, தொலைக்காட்சியில் வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்றார்கள். மேஸ்திரிக்குச் செய்தி போயிருந்தது. “நாப்பதுக்கா இவ்ளோ கலாட்டா? வண்டிய எடுங்க தம்பி, இப்பத்தான் தெரியும் நம்ம வேலை” என்றார்.

எடுத்தேன். மனைவியும், ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, கூட வந்தாள். கூரையைத் திறந்துபோட்டுக்கொண்டு பிராட்வே வரை போனோம். சமவெளியில் முள் அசையவில்லை. ஃபிஷ் ஹில்லில் ஏறும்போது எங்களுக்கு முன்னால் ஒரு கேரவன், அதற்கு முன்னால் ஒரு டிராக்டர். நடைவேகம். முள் மெல்ல எழுந்தது. இந்த நிலைக்கு ஹெரால்டு காலத்திலிருந்தே ஒரு கடைசி மருந்து உண்டு: ஹீட்டரை முழுதாகத் திறந்து, அதன் ஃபேனையும் போட்டுவிடுவது. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே, எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். வாங்கியதை நம் முழங்காலில் இறக்கும்.

திறந்தேன். 40 டிகிரியை நெருங்கிய வெயிலில், காலடியில் 80 டிகிரித் தண்ணீரிலிருந்து வரும் அனல்.

“என்னங்க இது, ஹீட்டரா?”

“எஞ்சினுக்கு நல்லதும்மா.”

“அப்ப நீங்களும் எஞ்சினும் போயிட்டு வாங்க.” அடுத்த வளைவில் கேரவன் நின்றபோது கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். நடந்தே ஏறி, மேலே கார் நிறுத்துமிடத்தில் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, ஐஸ்கிரீம் வண்டியில் வரிசையில் நின்றிருந்தாள். முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று சொன்னேன். அவள் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கவில்லை.